பதினோரு பேருக்கு ஒரே ஈமெயில்

மரியாதை தெரிந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பதைப் போல உயிரை வாங்குகிற வேலை வேறு கிடையாது. சும்மா சொல்லவில்லை. தொண்ணூற்றொன்பதாம் வருடம் ஜனவரியிலிருந்து மே மாதம் வரைக்கும் சனிக்கிழமை தவறாமல் அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்போது நான் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஜவுளிக்கடை, மேலே நாங்கள். நான் படித்தது எம்.ஏ. தமிழ். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக விண்ணப்பம் போட்டு ஓய்ந்துபோய், டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு அந்த சென்டருக்குள் நுழைந்து, அங்கேயே கற்றுக்கொண்டு அங்கேயே சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்தவள். பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தின பள்ளிக்கூடத்திலிருந்து பயிற்சி கொடுக்க ஆள் கேட்டு வந்தபோது எங்கள் முதலாளி, “தமிழ் வாத்தியாருங்களுக்காம். தமிழ் படிச்சவங்க இங்க நீங்க ஒருத்தருதானுங்க இருக்கீங்க. போயிட்டு வந்துருங்க” என்றார். அந்த டிரஸ்டுக்கு இன்னும் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. இது நல்லபடியாக முடிந்தால் அவையும் சென்டருக்கு வரும் என்று அவருக்குக் கணக்கு.

வேலை இதுதான். அமெரிக்காவில் குடியேறின நம் பக்கத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிற பள்ளி ஒன்றை நடத்தினார்கள். டிரஸ்டின் செயலாளருக்கு அங்கே உறவு. இங்கே இருக்கிற மொழியாசிரியர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு ஈமெயிலில் கடிதம் எழுத வேண்டும். பழகின பிறகு சாட்டில் பேச வேண்டும். எல்லாம் கைவந்துவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து வாரம் ஒரு பாடம். அதற்கு ஆசிரியர்களைத் தயார் செய்ய வேண்டியது நான். தமிழுக்கு ஏழு பேர், ஆங்கிலத்துக்கு மூன்று பேர், இந்திக்கு ஒருவர். அமெரிக்கப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க இந்தி டீச்சர் எதற்கு என்று கேட்டேன். சர்க்குலரில் ‘மொழியாசிரியர்கள்’ என்று போட்டுவிட்டார்களாம், அவரை மட்டும் விட்டால் மனசு சங்கடப்படுவாராம். ஐந்து மாதமும் அந்த அம்மாள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினார்.

முதல் நாள் போய் இறங்கினால், கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே பதினோரு ஜோடி செருப்பு. உள்ளே ஏ.சி., திரைச்சீலை, நடுவில் மேஜை, மேஜையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். மானிட்டரின் நெற்றியில் மூன்று பட்டை விபூதியும் குங்குமமும். கீபோர்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். அதைக் கழற்றப் போனேன். “தூசி பட்டுருமுங்க” என்று நான்கு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். கடைசி நாள் வரைக்கும் அந்த உறைக்கு மேலேதான் அடித்தோம்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. “யாராவது ஒருத்தர் வந்து உட்காருங்க” என்றேன். அவ்வளவுதான்.

“நீங்க உக்காருங்க சார்.”

“அட, நீங்க உக்காருங்க டீச்சர்.”

“ஐயா இருக்கறப்ப நானெப்படீங்க உக்கார்றது?”

ஐயா என்பவர் அங்கே மூத்த தமிழாசிரியர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். அவர் கையைக் கூப்பி, “சின்னவங்கதானுங்க கத்துக்கணும், நமக்கென்னுங்க” என்றார். சுவர்க் கடிகாரத்தில் இருபது நிமிடம் போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஐயாவையே உட்கார வைத்தார்கள். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மௌஸைத் தொடவில்லை. உட்கார்ந்தவரை எழுந்திருங்கள் என்று சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை. முதல் வகுப்பு அப்படியே முடிந்தது.

போன் லைன் இன்னொரு கூத்து. ஆபீஸ் போனும் எங்கள் மோடமும் ஒரே லைன். நாங்கள் கஷ்டப்பட்டு இணைப்பு வாங்கி, திரையில் பாதி எழுத்து வந்துகொண்டிருக்கும்போது கிளார்க் அங்கே ரிசீவரை எடுப்பார். எல்லாம் போய்விடும். பிறகு அவரே நேரில் வந்து வாசலில் நின்று, “ஏனுங்க, போன்ல கொர்ருனு சத்தம் வருதுங்க, ரிப்பேருங்களா?” என்று கேட்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் விளக்கினேன். “அப்படீங்களா” என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

இரண்டாவது வாரம்தான் நான் அந்தப் பெரிய தப்பைச் செய்தேன். பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு ஈமெயில் கணக்குத் திறந்து கொடுப்பதாகத் திட்டம். ஒரு கணக்குத் திறக்கவே அந்த லைனில் அரை மணி ஆனது. முதல் கணக்கில் பாதியில் இரண்டு தடவை அறுந்தது. அப்போது தலைமையாசிரியர் உள்ளே வந்தார். நல்ல மனிதர். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பள்ளிக்கூடத்துக்கு வெளிய ஒரு தபால் பெட்டிதானுங்க மாட்டியிருக்குது? இதுக்கு மட்டும் பதினொண்ணு எதுக்குங்க?” என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து போகிற கடிதம் எதுவானாலும் தலைமையாசிரியர் கையெழுத்தில்தான் போக வேண்டும், அதுதான் முறை என்றும் சொன்னார்.

மற்றவர்களுக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. “அதானுங்க சரி. எழுத்துல தப்பு வந்தாலும் நம்ம பேரு வராது பாருங்க” என்றார் ஒரு ஆங்கில ஆசிரியர். எனக்கும் கை வலித்தது, பசித்தது. சரி என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியர் பெயரிலேயே ஒரே கணக்கு. அதோடு விட்டேனா? என் திறமையைக் காட்டுவதற்காக, போகிற ஒவ்வொரு மெயிலுக்கும் அடியில் அவர் பெயர், பதவி, பள்ளிக்கூடம் மூன்றும் தானாகவே சேர்ந்துகொள்கிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். அனுப்பும்போது நம் திரையில் அது தெரியாது, போய்ச் சேரும்போது ஒட்டிக்கொண்டிருக்கும். “அட, கையெழுத்தும் அதுவே போட்டுக்குதுங்களா!” என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். நான் பெருமையாகச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்திக்கு மட்டும்தான் இது வேலையாக இல்லாமல் வேறு விஷயமாக இருந்தது. சென்னிமலைப் பெண். முப்பது வயது இருக்கும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ் எடுத்தாள். தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள் என்பதால் கீபோர்டில் தமிழ் அடிக்க அவளுக்கு மட்டும்தான் வந்தது. எல்லாரும் என்னை மேடம் என்றபோது அவள் அக்கா என்றாள். ஹாஸ்டல் வார்டன் வேலையையும் சேர்த்துப் பார்த்ததால் ஹாஸ்டலிலேயே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அவளும் நான்கரை வயது மகளும் அதில் இருந்தார்கள். கணவனைப் பற்றி அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. எட்டு வருடமாகத் தற்காலிக வேலை. வருகிற ஜூனில் தமிழ் மீடியம் பிரிவுகளைக் குறைக்கப் போவதாகவும், தற்காலிகமாக இருக்கிற இரண்டு பேரை எடுத்துவிடுவார்கள் என்றும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வேலை போனால் அறை போகும். மகளை அதே பள்ளியில் சேர்க்க இருந்ததும் போகும். சென்னிமலைக்குத் திரும்பிப் போக அவளுக்கு ஒரு காரணமும் இல்லை, போகாமல் இருக்கத்தான் நிறையக் காரணங்கள் இருந்தன போலிருக்கிறது.

பயிற்சித் தொடக்க விழாவில் செயலாளர் மேடையில் வைத்து ஒன்று சொல்லியிருந்தார். “அமெரிக்காக்காரங்க யாரு பேரைச் சொல்லி, இவிங்கதான் பாடம் எடுக்கோணும்னு கேக்கறாங்களோ, அவிங்க போஸ்ட்டை நான் பெர்மனென்ட் பண்ணிப்போடறேனுங்க.” எல்லாரும் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லையாம். அந்த வார்த்தை மறந்து போகாமல் இருக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். பிறகு ஒருநாள் பஸ் நிறுத்தத்துக்கு என்னோடு நடந்து வரும்போது சொன்னாள்.

கடிதப் போக்குவரத்து ஆரம்பித்தது. போக்குவரத்து என்று சொல்கிறேன், நகர்ந்தால்தானே. முதலில் கடிதத்தைத் தாளில் எழுத வேண்டும். ஐயா பார்த்துத் திருத்துவார். பிறகு தலைமையாசிரியர் மேஜைக்குப் போகும். அவர் கையெழுத்துப் போட்ட பிறகு கிளார்க்கிடம் போய் அனுப்புகைப் பதிவேட்டில் நம்பர் வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர். ஒரு நிமிடத்தில் அமெரிக்கா போய்விடும் என்று நான் வாய் கிழியச் சொன்ன கடிதம் நான்கு நாள் அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் நம்பர் வாங்கி, பதிவேட்டில் ஏற்றி, ஃபைலில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பக்கமே வராமல், கடிதம் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். “நம்பர் போட்டாச்சுங்களே மேடம்?” என்று கிளார்க் என்னையே திருப்பிக் கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், இந்தி அம்மாள் நோட்டுத் திருத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மற்றவர்கள் எழுதின கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி. ‘அன்புள்ள மாணவச் செல்வங்களே, நலம், நலமறிய ஆவல். தாய்மொழியைப் போற்றுவீர்.’ அதற்கு அங்கிருந்து நன்றி என்று ஒற்றை வரி வரும். இவள் மட்டும் வேறு விதமாக எழுதினாள். காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் டவுன் பஸ்ஸில் வருவதைப் பற்றி ஒரு கடிதம். கண்டக்டர் என்ன சொல்வார், கூடையோடு ஏறின அம்மாள் என்ன பதில் சொல்வார், சில்லறைக்கு எப்படிச் சண்டை நடக்கும், அந்தச் சண்டையிலும் எத்தனை ‘ங்க’ விழும் என்று அப்படியே பேச்சாக எழுதியிருந்தாள். கடைசியில், ‘நீங்கள் நான்கு நாற்காலியை வரிசையாகப் போட்டு இந்த பஸ்ஸை ஓட்டிப் பாருங்கள். கண்டக்டராக இருப்பவர் எல்லாரிடமும் மரியாதையாகக் கோபப்பட வேண்டும்’ என்று இருந்தது. படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். இவ்வளவு வருடம் தமிழ் படித்த எனக்கு இப்படி ஒரு பாடம் நடத்தத் தோன்றியிருக்காது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஐயா அதைத் திருத்தி, பேச்சுத் தமிழையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். அந்த ஒரு தடவை நான் விடவில்லை. “ஐயா, பேசப் பழகத்தானே கேட்டிருக்காங்க, இதை அப்படியே விட்டுருங்க” என்று கெஞ்சி அனுப்ப வைத்தேன். அடுத்த வாரமே பதில் வந்தது. பிள்ளைகள் வகுப்பில் பஸ் ஓட்டினார்களாம். அப்பா அம்மாக்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தங்களையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். அடுத்த கடிதம் எப்போது என்று கேட்டிருந்தார்கள். கடிதத்தின் தலையில் ‘மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு’ என்று இருந்தது. அதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்கும் என்று விட்டுவிட்டேன்.

அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். மளிகைக்கடை, ரேஷன் கடை வரிசை, மாமியார் வீட்டுக்கு முதல் தடவை போகிற மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்குவது. மார்ச் முடிவதற்குள் ஒன்பது கடிதம். அங்கே அதையெல்லாம் பிரின்ட் எடுத்துப் புத்தகமாகக் கட்டியிருப்பதாக எழுதினார்கள். அவள் வாரா வாரம் எனக்கு முன்னால் வந்து கம்ப்யூட்டரைப் போட்டு வைத்திருப்பாள். “அக்கா, வந்துருக்குதுங்க” என்று வாசலிலேயே சொல்லுவாள். தனக்கு வந்த கடிதத்தைப் பார்க்கிற முகம் அது. ஆனால் கடிதம் அவளுக்கு வரவில்லை என்பதை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

ஏப்ரலில் சாட். இங்கே சனிக்கிழமை காலை, அங்கே வெள்ளிக்கிழமை இரவு. சாட்டில் தமிழ் எழுத்து வராது, ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க வேண்டும். ஐயாவுக்கு அதுவே பிடிக்கவில்லை. இருந்தாலும் முறைப்படி அவர்தான் நாற்காலியில். பக்கத்தில் நின்றுகொண்டு, குனிந்து, அவர் சொல்லச் சொல்ல இவள் அடித்தாள். அவர் வணக்கத்தில் ஆரம்பித்து, அனைவரின் நலத்தையும் விசாரித்து, பருவநிலைக்கு வருவதற்குள் அந்தப் பக்கம் பத்து வரி ஓடிவிட்டது. பிள்ளைகள் சாட்டில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கேட்பார்கள். இவர்களோ அவர்கள் பேசி முடிக்கட்டும், குறுக்கே பேசக் கூடாது என்று காத்திருந்தார்கள். “சும்மா அடிங்க, அவங்க முடிக்கவே மாட்டாங்க” என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். ஒருவரும் அசையவில்லை.

அப்போது அங்கிருந்து ஒரு பிள்ளை கேட்டது, பஸ் கடிதம் எழுதின சார் இருக்கிறாரா என்று.

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஐயாவைப் பார்த்தாள். ஐயா, “இருக்கிறார்னு போடும்மா” என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அவளும் அடித்தாள். இருக்கிறார். தன்னைப் பற்றித் தானே. நான் வாயைத் திறப்பதற்குள் ஆபீசில் கிளார்க் ரிசீவரை எடுத்துவிட்டார், லைன் போய்விட்டது.

பத்து நாளில் அந்தக் கடிதம் வந்தது. வார இறுதிப் பள்ளியின் பொறுப்பாளர் எழுதியிருந்தார். தலைமையாசிரியர் ஐயாவின் ஒன்பது கடிதங்களும் தங்கள் பிள்ளைகளைப் பேச வைத்துவிட்டன, ஜூன் மாதத்திலிருந்து அவரே வாரம் ஒரு பாடம் நடத்தித் தர வேண்டும், செயலாளருக்கும் இதைத் தெரிவித்துவிட்டோம் என்று. தலைமையாசிரியர் படித்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். “எனக்கெங்கீங்க நேரம்? எல்லாரும் சேர்ந்து எழுதுனதுதானுங்களே. சீனியாரிட்டிப்படி ஐயாவையே எடுக்கச் சொல்லிரலாங்க” என்றார்.

நான் அவருடைய அறைக்குப் போனேன். அந்தக் கடிதங்கள் எல்லாம் யார் எழுதியவை என்று உங்களுக்குத் தெரியுமே என்றேன். “தெரியுமுங்க” என்றார். அப்படியானால் செயலாளரிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார். “ஐயா இருக்கறப்ப அந்தம்மா பேரை மட்டும் எடுத்துக் குடுத்தா அவருக்குச் சங்கடமாப் போயிருமுங்க மேடம். ரெண்டு வருசத்துல ரிட்டயர்டு ஆவறவரு. நல்லாருக்காதுங்க.” அவள் வேலை போவது மட்டும் நன்றாக இருக்குமா என்று கேட்டேன். “பாக்கலாங்க” என்றார். அந்த ஊரில் பார்க்கலாங்க என்றால் முடிந்துபோனது என்று அர்த்தம்.

அன்றைக்கு அவள் பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். எனக்கு அவள் மேலும் எரிச்சல். “வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாதா உனக்கு? நேராப் போய் செயலாளர்கிட்ட நான்தான் எழுதினேன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்று சத்தம் போட்டேன்.

“நானா போயி நாந்தானுங்கன்னு சொன்னா, ஐயாவையும் ஹெச்.எம்.மையும் பொய்காரங்கன்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்க அக்கா. நீங்க வெளி ஆளு. நீங்க ஒரு வார்த்தை அவிங்களுக்கு எழுதுனீங்கன்னா நம்புவாங்க.” பஸ் வந்துவிட்டது. நான் ஏறின பிறகு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, “முடிஞ்சா மட்டுமுங்க” என்றாள்.

திங்கட்கிழமை எங்கள் முதலாளியிடம் பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறிப்போனார். “அவிங்க உள் விவகாரமுங்க அது. மத்த ரெண்டு ஸ்கூலும் இன்னும் கையெழுத்தாவுல. நம்ம பேரு அதுல வந்துரக் கூடாதுங்க, சொல்லிப்போட்டேன்” என்றார். நான் சரி என்றேன். அந்த வேலையும் போனால் எனக்கு வேறு வேலை இல்லை. இதை நியாயமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

ஆனாலும் எழுதினேன். அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வருவதற்கு முன்னால் போய், அந்தக் கணக்கைத் திறந்து அமெரிக்காவுக்கு எழுதினேன். ‘நீங்கள் பாராட்டும் ஒன்பது கடிதங்களையும் எழுதியது இப்பள்ளியின் தமிழாசிரியை ஒருவர்’ என்று தொடங்கி, அவள் பெயர், அவள் எடுக்கும் வகுப்பு, ஒவ்வொரு கடிதமும் அவள் கையால் எழுதி அவளே டைப் செய்தது, பாடம் நடத்தத் தகுதியானவரும் அவரே என்பது வரை தெளிவாக எழுதினேன். என் சொந்தக் கணக்கிலிருந்து, சென்டரில் உட்கார்ந்தே அதை அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அதில் என் பெயர் இருக்கும். அதனால்தான் அனுப்பவில்லை. கடிதத்தின் கடைசியிலும் பெயர் போடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ விஷயம் தெரிந்தவர் எழுதினதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது ரொம்ப நல்ல காரியம் செய்த திருப்தி. அவளிடம், “எழுதிட்டேன்” என்று மட்டும் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. வழக்கம்போல அவள்தான் திறந்தாள். நான் பின்னால் நின்று படித்தேன்.

‘மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு, தங்கள் மடல் கண்டு நெகிழ்ந்தோம். தாங்கள் எழுதியவற்றின் பெருமையைத் தங்களிடம் பணிபுரியும் ஓர் இளம் ஆசிரியைக்கு விட்டுக்கொடுக்கும் தங்கள் தன்னடக்கத்தை எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினோம். இத்தகைய ஒருவரிடம்தான் அவர்கள் தமிழ் கற்க வேண்டும். பாடத்தைத் தாங்களே நடத்த வேண்டும் என்ற எங்கள் வேண்டுகோள் இப்போது இன்னும் உறுதியாகிறது.’

நான் வைத்துக் கொடுத்த கையெழுத்துதான். நான் பெயர் போடாமல் விட்ட இடத்தில் அது தானாகவே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் திறமை.

அவள் முறைப்படி பிரின்ட் எடுத்தாள். கிளார்க்கிடம் கொண்டுபோய் வரவுப் பதிவேட்டில் ஏற்றினாள். தலைமையாசிரியர் மேஜையில் வைத்தாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். தான் எழுதாத கடிதத்துக்கு வந்த பதில் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து அவளையும் பார்த்தார், கதவருகில் நின்ற என்னையும் பார்த்தார். “யாரு எழுதுனீங்கன்னு நான் கேக்க மாட்டேனுங்க. கேட்டா எல்லாருக்கும் சங்கடம்” என்று சொல்லி, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் நான் அங்கேயே உண்மையைப் போட்டு உடைத்திருப்பேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உடைத்திருப்பேனா என்று இப்போது தெரியவில்லை. அதற்குப் பிறகும் எனக்கு நான்கு சனிக்கிழமைகள் இருந்தன. இரண்டாவது கடிதம் ஒன்று, அடியில் என் பெயரோடு, ஐந்து நிமிட வேலை.

ஜூனில் அவள் வேலை போனது. அறையைக் காலி செய்துகொண்டு மகளோடு சென்னிமலைக்கே போனாள் என்று கேள்விப்பட்டேன். ஐயா இரண்டு பாடம் நடத்தினாராம், மூன்றாவது வாரம் அங்கே யாரும் வரவில்லையாம். மற்ற இரண்டு பள்ளிக்கூடங்களும் எங்கள் சென்டருக்கே கிடைத்தன. பயிற்சி கொடுத்தது நான்தான்.

பதில் வந்த அன்றைக்கு, தலைமையாசிரியர் அறையிலிருந்து வெளியே வந்ததும் வராந்தாவில் வைத்து அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கோபமே இல்லை. புரியாத பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“அக்கா, கடைசியில உங்க பேரைப் போட்டிருந்தா அவிங்களுக்குத் தெரிஞ்சிருக்குமில்லீங்க? ஏனுங்கக்கா போடுல?”

“மறந்துட்டேன் கண்ணு” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இருக்கட்டுங்க அக்கா. அவசரத்துல யாருக்குனாலும் மறக்கறதுதானுங்களே. நீங்க இதுக்கெல்லாம் மனசு கஷ்டப்படாதீங்க” என்று என்னைத் தேற்றினாள்.